நாற்பத்தொரு நொடி

என் கணவன் ஆர்விஸிடம் நான் முதன்முதலில் பேசியது ஒரு வசவு. "ஏய், கண்ணு தெரியலையா? ஈரம் இன்னும் காயல, இறங்காத!" என்று கத்தினேன். ஒரு கால் ஐஸிலும் மற்ற கால் வாசல்படியிலுமாக அவன் அப்படியே நின்றுவிட்டான்.

லியெபாயா நகரத்து ஐஸ் அரங்கத்தில் ஐஸைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுவது என் வேலை. வண்டியின் அடியில் இருக்கும் கத்தி ஐஸின் மேல்தோலைச் சீவிக்கொண்டே போகும். பின்னால் வெந்நீர் மெல்லிய படலமாக விரியும். அது உறைந்து இறுகப் பத்து நிமிடம் வேண்டும். அதற்குள் யாராவது கால் வைத்தால் என் முகத்தில் கீறியதுபோல இருக்கும் எனக்கு. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ஒரு பெண் ஐஸ் வண்டி ஓட்டுகிறாளாமே என்று வேடிக்கை பார்க்கவே சிலர் வருவார்கள். அவர்கள் யாரும் என் ஐஸைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

"எவ்வளவு நேரம் நிக்கணும் மேடம்?"

"பத்து நிமிஷம். இன்னொரு தடவை மேடம்னு சொன்னா இருபது."

"சரி மேடம்."

இருபது நிமிடம் நின்றான். அந்தக் குளிரில், ஸ்கேட் மாட்டிய காலோடு, சுவரில்கூடச் சாயாமல் நின்றான்.

குல்டீகாவிலிருந்து வந்து நகரத்து ஐஸ் ஹாக்கி அணியில் புதிதாகச் சேர்ந்த தடுப்பாட்டக்காரன் அவன். என்னைவிட ஒரு வயது சின்னவன். நல்ல உயரம், நல்ல பலம், ஆனால் வேகம் கிடையாது. பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இடது பக்கம் திரும்ப வேண்டி வந்தால் மட்டும் கால் பின்னிக்கொள்ளும். முந்தின நாள் பயிற்சியில் கோச் ஹேர்பேர்ட்ஸ் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: "நீ இடது பக்கம் திரும்பி முடிக்கறதுக்குள்ள துறைமுகத்துல ஒரு கப்பலே திரும்பிடும்டா!" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் ஐஸுக்கு வந்து நின்றான்.

அதன்பிறகு தினமும் வந்தான். பள்ளிப் பிள்ளைகள் ஏழு மணிக்கு வருவார்கள். அதுவரை ஒரு மணி நேரம் இடது பக்கம் திரும்புவான். விழுவான், எழுவான், மறுபடி திரும்புவான். ஒரு மனிதன் ஒரே காரியத்தை இத்தனை முறை அலுக்காமல் செய்து நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் அலுத்தது.

மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"இங்க வா. இதைப் பாரு. இது உன் வலது கால் போன தடம், எவ்வளவு ஆழமா வெட்டியிருக்கு பாரு. இது இடது கால். சும்மா தொட்டுட்டுப் போயிருக்கு. உன் இடது காலை நீ நம்பறதே இல்ல."

அவன் ஐஸில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, தன் தடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"இதெல்லாம் எப்படி மேடம் தெரியும்?"

"நீங்க கிறுக்கறதைத் தினமும் அழிக்கறவ நான். உங்க எல்லாரோட கையெழுத்தும் எனக்குத் தெரியும்."

பனிக்காலம் முடிவதற்குள் அவனுக்கு இடது பக்கம் வந்துவிட்டது. ஹேர்பேர்ட்ஸ் பாராட்டவெல்லாம் இல்லை. கேலியை நிறுத்திக்கொண்டு அவனை அதிக நேரம் ஆடவிட்டார். ஆர்விஸுக்கு அது போதுமாயிருந்தது. அவன் காலையில் வருவதை நிறுத்தவில்லை. கறுப்பு ரொட்டிக்குள் புகைபோட்ட மீனை வைத்து இரண்டு பொட்டலம் கொண்டுவருவான். வண்டியின் படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இரண்டாவது வருடம் ஒருநாள் கேட்டான்:

"மேடம், ஜூன் மாசம் உங்களுக்கு லீவு கிடைக்குமா?"

"எதுக்கு?"

"ஒரு கல்யாணம்."

"யாரோட கல்யாணம்?"

அவன் காது சிவந்துவிட்டது. "ஜூன்ல மட்டும்தான் எனக்கு மேட்ச் இல்ல. அதான் கேட்டேன்" என்றான். ஜூனில் கல்யாணம் செய்துகொண்டோம்.

பிறகு வெளிநாட்டு அணிகளுக்கு ஆடப் போனான். டென்மார்க்கில் இரண்டு வருடம், ஸ்லோவாக்கியாவில் மூன்று, கஸகஸ்தானில் ஒன்று. எதுவும் பேர்போன அணி இல்லை. அவனுக்குக் கோல் போட வராது. எதிரி அடிக்கிற வட்டு கோலுக்குப் போகாமல் குறுக்கே விழுந்து உடம்பில் வாங்கிக்கொள்வது அவன் வேலை. கெட்டியான ரப்பர் வட்டு, மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும். கோடை விடுமுறைக்கு வரும்போது அவன் விலாவிலும் தொடையிலும் மஞ்சளும் ஊதாவுமாகத் தடங்கள் இருக்கும். எந்தத் தடம் எந்த ஊர் என்று கேட்டால் சரியாகச் சொல்வான்.

நான் என் ஐஸை விட்டுப் போகவில்லை. அவனும் கூப்பிட்டு வற்புறுத்தவில்லை. பயிற்சிக்கு முன்னால் போன் செய்து, போனை ஐஸ் பக்கத்தில் பிடித்துக்கொண்டு யாரையாவது சறுக்கச் சொல்வான்.

"கேக்குதா?"

"ரொம்பக் குளிர்ந்து கிடக்கு. கண்ணாடி உடையற சத்தம். அந்த ஊர்ல ஐஸ் போடறவன் தூங்கறானா?"

"சொல்லிடறேன் மேடம்."

நிஜமாகவே போய்ச் சொல்லியிருக்கிறான். ஸ்லோவாக்கியாவில் ஒரு கிழவர் அவனோடு ஒரு வாரம் பேசவில்லையாம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் தேசிய அணியின் பயிற்சி முகாம் தலைநகர் ரிகாவில் நடக்கும். அங்கே தேர்வாகிறவர்கள்தான் மே மாதம் உலகக் கோப்பையில் ஆடுவார்கள். இருபத்துநாலு வயதில் ஆர்விஸுக்கு முதல் அழைப்பு வந்தது. மூன்று வாரம் உழைத்தான். கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். தலைமைப் பயிற்சியாளர் வனாக்ஸ் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் தன் அறைக்கு அழைத்து, உட்காரவைத்து, முகத்துக்கு நேராகத்தான் சொல்வார். ஆர்விஸ் நன்றி சொல்லிவிட்டு, ரிகாவிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு நேராக என் அரங்கத்துக்கு வருவான்.

ஐந்தாவது முறை வந்தபோது ஸ்கேட் மாட்டவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வீரர்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்திருந்தான். நான் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னார்?"

"அதேதான். 'நீ நல்ல உழைப்பாளி ஆர்விஸ்.' வினெத்தா, இனிமே எவனாவது என்னை உழைப்பாளின்னு சொன்னா அங்கேயே ஒரு அறை விடுவேன்."

அவன் குரல் உடைந்துபோயிருந்தது. "சரி சோம்பேறி, எழுந்திரு. வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரி. அடை சுடலாம்" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். பிறகு பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆறாவது ஏப்ரலில் அவன் பெயர் பட்டியலில் வந்தது. கடைசிப் பெயர். அந்த வருடம் போட்டியே ரிகாவில்தான். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முதல் ஆறு மேட்சிலும் ஆர்விஸ் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு மேலே பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தான். உபரி ஆள். ஏழாவது மேட்சுக்கு அவனுக்குச் சீருடை கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தான். முதல் பகுதி முடிந்தது, இரண்டாவது பகுதி முடிந்தது. அவனை யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவனுடைய ஸ்கேட் கத்தி முறிந்தது. மாற்றிக்கொண்டு வர வேண்டும். வனாக்ஸ் ஆர்விஸின் தோளைத் தட்டுவதை நான் பார்த்தேன். என் பக்கத்து சீட்டுக்காரரின் கையைப் பிடித்துவிட்டேன். முன்பின் தெரியாத மனிதர்.

சுவரைத் தாண்டி ஐஸில் இறங்கினான். எதிரணியின் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் வட்டோடு அவனுடைய இடது பக்கமாகப் பாய்ந்து வந்தான். ஆர்விஸ் பின்னோக்கிப் போய்க்கொண்டே திரும்பினான், அவனைச் சுவரோரம் நெருக்கினான், வட்டைப் பறித்துத் தன் ஆளுக்குத் தள்ளினான். அவ்வளவுதான். கத்தி மாற்றினவன் வந்துவிட்டான். ஆர்விஸ் பலகைக்குத் திரும்பினான். அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொல்லக்கூட அவகாசம் இருக்கவில்லை. மறுநாள் செய்தித்தாளின் பட்டியலில் அவன் பெயருக்கு நேராக ஐஸில் இருந்த நேரம் போட்டிருந்தது: நாற்பத்தொரு நொடி.

மேட்ச் முடிந்து நடைவழியில் பார்த்தேன். "என் சட்டை நனையவே இல்ல வினெத்தா" என்று சீருடையை இழுத்துக் காட்டினான். முகம் மட்டும் நனைந்திருந்தது.

லியெபாயாவில் அவனை விடவில்லை. மீன் அங்காடியில், பெட்ரோல் பங்கில், எங்கே போனாலும் கேலிதான்.

"என்னப்பா, நாற்பத்தொரு நொடி! நான் ஒரு பீர் குடிக்கவே அதைவிட நேரமாகுமே!"

"அதுக்கு மேல ஆடினா மத்தவங்களுக்கு வேலை இல்லாம போயிடும்னு விட்டுட்டேன்" என்பான் ஆர்விஸ். அவர்கள் கேலி செய்துவிட்டு அவனுக்கே ஒரு பீர் வாங்கியும் கொடுப்பார்கள்.

அடுத்த வருடம் அவன் எங்கள் ஊர் அணிக்கே திரும்பி வந்திருந்தான். மார்ச் கடைசியில், வண்டியிலிருந்து இறங்கும்போது நான் வழுக்கி விழுந்தேன். பத்து வருடமாக இறங்கிய படி. காலெலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தகடு வைத்துத் தைத்து, ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அரங்கத்து மேலாளர் ஓயார்ஸ் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வெண்ட்ஸ்பில்ஸிலிருந்து ஒரு ஆளை வண்டி ஓட்ட வரவழைக்கலாமா என்று யோசிப்பதாக, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வருகிற ஆள் திரும்பிப் போகாமலும் இருக்கலாம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"நான் ஓட்டறேன். அவ வர்ற வரைக்கும்" என்றான் ஆர்விஸ்.

"உனக்கு ஓட்டத் தெரியுமாய்யா?"

"பத்து வருஷமா பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன்."

பார்ப்பது வேறு, ஓட்டுவது வேறு. முதல் நாள் திருப்பத்தில் வண்டியைத் தயங்கி நிறுத்தி, தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டான். எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினான். நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன்.

"அந்த மூலையில என்ன அது, குளமா?"

"தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு மேடம்."

"கொஞ்சமா? மீன் வளக்கலாம் போல இருக்கே. கத்தியை இறக்கு, மெதுவா ரெண்டு சுத்து வா."

காலையில் என்னைத் தூக்கிக் குளியலறையில் உட்காரவைப்பான். தலை வாரிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சமும் திறமை கிடையாது. பிறகு அரங்கத்துக்குப் போவான். மதியம் பீட்ரூட் சூப்போடு வருவான், மறுபடி போவான். இப்படி இரண்டு வாரம் ஓடியது.

ஒரு பிற்பகலில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கட்டிலோரத்து மேஜையில் அவன் போன் அடித்தது. வனாக்ஸ் என்று பெயர் தெரிந்தது. எடுத்தேன்.

"ஆர்விஸ் குளிக்கறார். நான் அவர் மனைவி பேசறேன்."

"ஓ... கால் எப்படிம்மா இருக்கு? வலி குறைஞ்சுதா?"

என் கால் முறிந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன். அவரே சொன்னார். "கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம்னுதான் கூப்பிட்டேன். இந்த வருஷம் நாலு தடுப்பாட்டக்காரங்களுக்குக் காயம். இவன் வந்தா உபரி ஆள் இல்லம்மா, முதல் ஆறு பேர்ல ஒருத்தன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எனக்குத் தெரியணும்."

குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் அவனை அஞ்சு தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கேன்" என்றார் வனாக்ஸ். "அவன் என்னை ஒரே ஒரு தடவைதான் வேண்டாம்னு சொன்னான். அதையும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே சொன்னான்."

ஆர்விஸ் துண்டோடு வெளியே வந்தபோது போனை அவன் முன்னால் நீட்டினேன். பெயரைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"முகாமுக்கு முதல்ல எப்போ கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா என் தலையை வாரிக்கிட்டு, வாயைத் திறக்காம இருந்திருக்க! போ. இப்பவே பையை எடுத்துக்கிட்டுப் போ. உங்க அம்மா வந்து இருக்கட்டும்."

"அம்மாவுக்கு முட்டிவலி. மூணு மாடி ஏறவே முடியாது, உன்னை எங்க தூக்கறது?"

"நான் தவழ்ந்து போவேன்! எனக்கென்ன? ஆறு வருஷம் நாயா ஓடினியே, எதுக்கு? இப்ப வேண்டாம்னா நாளைக்கு என் காலைப் பாக்கும்போதெல்லாம் உனக்கு அதுதானே ஞாபகம் வரும்? அந்தப் பழியை என்மேல போடாத ஆர்விஸ்."

கத்தியதில் எனக்கு மூச்சு வாங்கியது. அவன் கட்டிலின் ஓரத்தில், தகடு வைத்த காலைத் தொடாமல், கவனமாக உட்கார்ந்தான்.

"எனக்கு ஆடணும்னு இல்லைன்னு நினைக்காத. ரொம்ப இருக்கு" என்றான். "ஆனா உங்க அப்பா செத்தப்போ நான் கஸகஸ்தான்ல இருந்தேன். உனக்கு நிமோனியா வந்தப்போ டென்மார்க்ல இருந்தேன். எல்லாத்துக்கும் போன்லதான் இருந்தேன். ஏன் வரலைன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கல. கேட்டிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை நான் இங்க இருக்கேன் வினெத்தா. யாரும் என்னைப் புடிச்சு வைக்கல. எனக்கு இருக்கணும்போல இருக்கு."

அவன் சொன்னதில் தியாகம் மாதிரி எதையாவது தேடினேன். இருந்திருந்தால் மறுபடி கத்தியிருப்பேன்.

"அப்போ என் முன்னாலயே போன் பண்ணிச் சொல்லு. ஒளிச்சு ஒளிச்சுப் பேசாத" என்றேன் கடைசியில்.

என் முன்னால்தான் சொன்னான். அப்போதும் மன்னிப்புக் கேட்டான்.

மே மாதம் இரண்டு பேரும் தொலைக்காட்சியில் எல்லா மேட்சும் பார்த்தோம். ஆர்விஸுக்குப் போயிருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் ஆடினான். நன்றாகவே ஆடினான். அவன் குறுக்கே விழுந்து ஒரு அடியைத் தடுத்தபோது ஆர்விஸ் எழுந்து நின்று கை தட்டினான். தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனான். போனவன் வரவில்லை. நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, முதன்முறையாக யாருடைய கையும் இல்லாமல், கூடத்தைத் தாண்டி நடந்து போனேன். அவன் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தான். முழு ரொட்டியையும் நறுக்கி முடித்திருந்தான்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ம். வலிக்குது."

"எனக்கும்."

மிச்ச மேட்சைச் சமையலறையிலிருந்தே கேட்டோம்.

அதன்பிறகு அழைப்பு வரவில்லை. வனாக்ஸ் போய் வேறொருவர் வந்தார். அவருக்கு இளம் வயதுக்காரர்கள்தான் வேண்டியிருந்தார்கள். நான் ஜூன் முடிவில் வேலைக்குத் திரும்பினேன். ஆர்விஸ் மூலைகளில் மேடாக்கி வைத்திருந்த ஐஸைச் சீவித் தள்ள எனக்கு நான்கு நாள் பிடித்தது. அவன் எங்கள் ஊர் அணிக்கு இன்னும் ஆறு வருடம் ஆடினான், அதில் மூன்று வருடம் தலைவனாக. ஒரு பருவத்தில் இரண்டு கோலுக்கு மேல் போட்டதே இல்லை. முப்பத்தாறு வயதில், ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது, முட்டியை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "போதும்னு தோணுது" என்றான். நான் "சரி" என்றேன். இப்போது துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறான்.

ஆட்டத்தை விட்ட அந்த இலையுதிர்காலத்தில் முதல் வேலையாகப் பல் மருத்துவரிடம் போனான். ஹாக்கி ஆடுகிறவர்கள் விழுந்த பல்லை ஆட்டம் முடியும்வரை கட்டிக்கொள்வதில்லை, கட்டினால் அதுவும் விழும். கல்யாணமாகி மறுவருடமே ஆர்விஸின் முன்பற்கள் நான்கு போய்விட்டன. அப்புறம் அந்த ஓட்டைச் சிரிப்புதான் எனக்குப் பழக்கம்.

பல் கட்டி முடித்து வந்தவன் வாயை இறுக மூடிக்கொண்டு வாசலில் நின்றான்.

"காட்டு."

தலையை ஆட்டினான்.

"காட்டுடா!"

சிரித்தான். வரிசையாக, வெள்ளையாக, யாரோ ஒரு அழகான மனிதன் என் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"என்ன, நல்லா இல்லையா?" "ல்லா" என்பதில் நாக்கு பல்லில் தடுக்கியது.

"யாரோ மாதிரி இருக்க."

"நல்ல யாரோவா, கெட்ட யாரோவா?"

"இன்னும் தெரியல. உள்ள வா, பாக்கலாம்."

மேஜையில் குல்டீகாவிலிருந்து அவன் அம்மா அனுப்பிய ஆப்பிள்கள் ஒரு கூடை இருந்தன. இத்தனை வருடமும் அவனுக்குக் கத்தியால் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் கொடுப்பேன். பழக்கத்தில் கத்தியை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். கூடையில் இருந்ததிலேயே பெரிய ஆப்பிளாக ஒன்றைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது. சாறு தாடையில் வழிந்தது. மென்று விழுங்கினான். பிறகு, கடித்த பக்கத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கடிக்காத பக்கத்தை என் வாய்க்கு நேராக நீட்டினான்.